இருபத்து மூன்று வரை எண்ணிய அலை

போன மாதம் வரை எங்கள் வீட்டுச் சமையலறையில் தண்ணீர்க் குடங்கள் ஒரு பலகையின் மேல்தான் இருந்தன. ஆறடிக்குக் கொஞ்சம் கூடுதலான நீளம், ஒன்றரை அடி அகலம், ஒரு முனை மட்டும் நாக்கு மாதிரி வளைத்துச் சீவியிருக்கும். வருகிறவர்கள் ஊஞ்சல் பலகையா என்று கேட்பார்கள். இல்லை, ஆறு வருடம் நான் வேலைக்குப் போன இருக்கை அது. எங்கள் ஊரிலிருந்து சிவகாசிப் பக்கம் பட்டாசுக் கம்பெனிக்குப் போகும் வேனில், இரண்டு பக்க சீட்டுக்கும் நடுவே இரண்டு மரப்பெட்டிகளைப் போட்டு, அவற்றின் மேல் இந்தப் பலகையைப் போட்டிருந்தார்கள். சீட்டுக் கிடைக்காத ஐந்து பேர் இதில் ஒருவர் பின் ஒருவராக உட்கார்ந்து, ஒவ்வொரு வேகத்தடைக்கும் சேர்ந்தே எழும்பி விழுவோம். முனையை வளைத்துச் சீவியிருப்பது ஏறி இறங்கும்போது எங்கள் முழங்காலில் இடிக்காமல் இருக்கத்தான் என்று நாங்களாக முடிவு செய்துகொண்டோம். அது கடலில் ஓடிய பலகை என்பதை டிரைவர் அண்ணாச்சி எத்தனையோ தடவை சொன்னார். யார் நம்பினோம்?

டிரைவர் அண்ணாச்சி எங்கள் ஊரில் பெண் எடுத்ததால் எங்கள் ஊருக்காரர் ஆனவர். சாத்தூர்ப் பாலத்துக்கு அடியில் வருடத்தில் பாதி நாள் வெறும் மணலாகக் கிடக்கிற அதே வைப்பாறு கடலில் சேருமே, அந்த முகத்துவாரத்து ஊர் அவர் பிறந்த ஊர். ஸ்டியரிங்கைப் பிடித்தால் போதும், கடல் பேச்சுத்தான். ஐப்பசி கார்த்திகை வெள்ளம் ஆற்று மணலை அள்ளிக்கொண்டு போய்க் கடலுக்குள் ஒரு திட்டாகப் போடுமாம். தூரத்திலிருந்து வரும் அலை அந்தத் திட்டில் கால் தட்டியதும் எழுந்து நின்று, மொத்தமாக விழாமல் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை பாய் சுருட்டுகிற மாதிரி சுருண்டுகொண்டே ஓடுமாம். அதன் முன்னால் பலகையில் நின்றால் அது நம்மைத் தூக்கிக்கொண்டு போகுமாம். "வருசத்துக்கு நாலு நாளு, மிஞ்சினா அஞ்சு நாளுதான் வரும். எதுத்தாப்புல இலங்கை மறிச்சுக்கிட்டு கெடக்குல்ல, எல்லா அலையும் உள்ள வராது. தெக்கு மூலையில ஒரு சந்து இருக்கு, அது வழியா வரணும்" என்பார். நாங்கள் அந்த ஊருக்கு இரண்டு தடவை போயிருக்கிறோம். இரண்டு தடவையும் கடல் எங்கள் ஊர்க் கண்மாயை விடச் சாதுவாகக் கிடந்தது. அதற்குப் பிறகு அவர் வாயைத் திறந்தாலே வேனில் யாராவது ஒருத்தி, "அலை வருது, காலைத் தூக்கிக்கோங்க" என்று கத்துவாள்.

அவரை அதிகமாகக் கேலி செய்தது நான்தான். எனக்குக் கம்பெனியில் ஒரு மரியாதை உண்டு. சாம்பிள் வெடிகளை வெடித்துப் பார்க்கும் பொட்டலில் எனக்கு எண்ணுகிற வேலை. திரியில் நெருப்புப் பட்டதும் ஆரம்பித்து வெடிக்கிற வரை வாயால் எண்ண வேண்டும். ஒரு எண்ணுக்கும் அடுத்த எண்ணுக்கும் நடுவே எச்சில் விழுங்குகிற நேரம். சுவர்க் கடிகாரத்தோடு ஒத்துப் பார்த்தால் முள்ளுக்கு முள் சரியாக இருக்கும். திரி சீக்கிரம் எரிந்தால் பற்றவைக்கிறவன் விலகி ஓட நேரம் இருக்காது என்பதால், நான் ஒரு எண் குறைத்துச் சொன்னாலும் அந்த லோடு முழுக்க நின்றுவிடும். ஃபோர்மேன் நோட்டோடு நின்று, "ஒன் வாயில வந்தாத்தான் கணக்கு" என்பார். அந்தத் திமிரில்தான் ஒருநாள் முழு வேனும் கேட்கும்படி சொன்னேன்: "இருவது எண்ணுற வரைக்கும் ஒரு அலை ஆளைத் தூக்கிட்டு ஓடுச்சுன்னா, நானே அதுல ஏறிக் காட்டுறேன் அண்ணாச்சி." அவர் கண்ணாடியில் என்னைப் பார்த்து, "பதினஞ்சு பேரு சாட்சி" என்றார்.

பங்குனிப் பொங்கலுக்குக் கம்பெனி லீவு விட்ட வாரத்தில் அது நடந்தது. ஆளுக்குக் கொஞ்சம் டீசலுக்குப் போட்டு அதே வேனில் மூன்றாவது தடவையாகக் கிளம்பினோம். புளியோதரை, முறுக்கு, மாற்றுச் சேலை எல்லாம் ஏறியது. விடிந்து கொஞ்ச நேரத்தில் முகத்துவாரத்துக்குப் போய்ச் சேர்ந்து, இன்ஜின் நின்றதுதான் தாமதம், பின்சீட்டிலிருந்து பிஸ்கட் டின் கைமாறி வந்தது. கம்பெனிக்குள் செல்போன் போகக் கூடாது, தெரியும்தானே. எங்கள் வேனில் இறங்குவதற்கு முன்பே எல்லாப் போனையும் அந்த டின்னில் போட்டு டிரைவர் அண்ணாச்சி சீட்டுக்கு அடியில் பூட்டிவிடுவார். அன்றைக்குக் கடற்கரையில் நிற்கிறோம், லீவு நாள், கண் எட்டுகிற வரை உப்புத் தண்ணீர். பதினாறு பேரும் ஒழுங்காகப் போனைப் போட்டோம், அவரும் ஒழுங்காகப் பூட்டினார். ஒருத்தருக்கும் வித்தியாசமாகப் படவில்லை. பழக்கம் என்பது அவ்வளவு பெரிய முட்டாள்தனம்.

கடல் வழக்கம்போல அசையாமல் கிடந்தது. என் மதினி, அதாவது என் அண்ணன் பொண்டாட்டி, அதே பலகையில் எனக்குப் பின்னால் உட்காருகிறவள், சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கணுக்கால் தண்ணீரில் நின்று, "அண்ணாச்சி, அலை தூங்குதா, எழுப்பணுமா?" என்றாள். எல்லோரும் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை. ஆற்று வாயில் நட்டிருந்த ஒரு கம்பையே பார்த்துக்கொண்டிருந்தார். தண்ணீர் அந்தக் கம்பில் சத்தமே இல்லாமல் ஒரு சாண் ஏறியது, இறங்கியது. காற்று மேற்கிலிருந்து, எங்கள் முதுகுப் பக்கமிருந்து மெதுவாக வந்தது. "தங்கச்சி, இங்கன வா. தண்ணி ஏறுறதுக்கும் மறுக்கா ஏறுறதுக்கும் நடுவுல எண்ணு" என்றார். எண்ணினேன். பதினாறு. மறுபடி எண்ணச் சொன்னார். பதினாறேதான். அவர் முகம் மாறியதை இப்போதும் என்னால் பார்க்க முடிகிறது. கல்யாண வீட்டில் மாப்பிள்ளை வண்டி வந்துவிட்டது என்று சொன்னால் பெண்ணின் அப்பாவுக்கு வருமே, பதற்றமும் சந்தோஷமும் கலந்த ஒரு முகம், அது.

"உள்ளூர்க் காத்துல வர்ற அலைன்னா அஞ்சு, மிஞ்சினா ஆறு எண்ணலாம். பதினாறுன்னா இது இங்கத்த அலையே இல்ல. தெக்கே எங்கயோ நடுக்கடல்ல பெருங்காத்து அடிச்சு, அங்கனருந்து நாலஞ்சு நாளா நடந்து வருது. இங்க காத்து இருக்காது, மழை இருக்காது, சொல்லாம வந்து ஏறும். கள்ளக்கடல்னு அதான் பேரு" என்று வேகமாகச் சொல்லிக்கொண்டே எங்களை எல்லாம் தாழ்ந்த மணலிலிருந்து பனைகள் நிற்கும் மேட்டுக்கு விரட்டினார். மதினி முனகிக்கொண்டே வந்தாள். நாங்கள் மேட்டில் ஏறி மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும்போதே கடல் மட்டத்தில் ஒரு கோடு தெரிந்தது, அதற்குப் பின்னால் இன்னொன்று, அதற்கும் பின்னால் இன்னொன்று. முதல் கோடு திட்டை நெருங்கியதும் தரையிலிருந்து எழுகிற மாதிரி எழுந்தது. ஆள் உயரம். வடக்கு ஓரத்தில் வெள்ளையாக உடைந்து, அங்கிருந்து தெற்கே ஒரே சீராகச் சுருண்டுகொண்டே ஓடியது. கரைக்காற்று அதன் தலையிலிருந்து தூவானத்தைப் பின்னால் வாரி எறிந்தது. கொஞ்சம் முன்பு நாங்கள் நின்ற மணலை அதன் நுரை வந்து முழுக்க மூடியது. ஐந்து அலைகள் அப்படி வந்தன. பிறகு கடல் பழையபடி கண்மாயாகிவிட்டது. எனக்கு அழுகை வந்தது, ஏன் என்று தெரியவில்லை.

அண்ணாச்சி அதற்குள் வேனுக்கு ஓடி நடுப்பலகையை உருவிக்கொண்டு வந்துவிட்டார். அன்றைக்கு யாரும் கடலில் இறங்கக் கூடாது என்று காலையிலேயே எச்சரிக்கை வந்து, எங்கள் டின்னுக்குள் பதினாறு போனும் துடித்துக்கொண்டிருந்தது பிறகுதான் தெரிந்தது. தெரிந்திருந்தாலும் அவர் இறங்காமல் இருந்திருப்பார் என்று நான் நம்பவில்லை. அலை ஓய்ந்த நேரம் பார்த்து ஆற்று வாய்க்கால் வழியாகப் பலகையில் குப்புறப் படுத்துக் கையால் துழாவி வெளியே போனார். அடுத்த கூட்டம் வந்தது. முதல் அலையை விட்டார். இரண்டாவதையும் விட்டார். "ஐயோ, போச்சே" என்று மதினி தலையில் கை வைத்தாள். மூன்றாவது அலை அவரைப் பின்னாலிருந்து தூக்கியது, அவர் எழுந்து நின்றார். நான் எண்ண ஆரம்பித்தேன். தொந்தியும் காக்கிக் கால்சட்டையுமாக எங்கள் டிரைவர், நாங்கள் ஆறு வருடம் உட்கார்ந்து தேய்த்த பலகையில், எழுந்து நின்ற பச்சைத் தண்ணீருக்கு முன்னால் ஓடுகிறார். பத்து. கொஞ்சம் கீழே இறங்கி மறுபடி மேலே ஏறுகிறார். பதினைந்து. எங்கள் பெண்கள் போடும் குலவைச் சத்தம் அலைச் சத்தத்துக்கு மேல் கேட்கிறது. இருபது. இன்னும் நிற்கிறார். இருபத்து மூன்றில் அலை கரையில் தட்டிச் சாக, அவர் பலகையிலிருந்து தண்ணீரில் இறங்கி, வேனிலிருந்து இறங்குகிற மாதிரியே சாதாரணமாக நடந்து வந்தார்.

வந்தவர் நேராக என்னிடம் வந்தார். "எண்ணுனியா?" "எண்ணுனேன்." "எம்புட்டு?" அவர் கேட்டதில் குத்தல் இல்லை, ஆசைதான் இருந்தது. ஆனால் சொட்டச் சொட்ட அந்தப் பலகை என் பக்கம் நீண்டிருந்தது, எனக்குப் பின்னால் பதினைந்து சாட்சிகள். "வேன்ல சொல்றேன் அண்ணாச்சி" என்றேன். வேனில் எல்லோரும் பாடிக்கொண்டு வர, நான் கண்ணை மூடித் தூங்குகிற மாதிரி கிடந்தேன். பாதி வழியில் மதினி திடீரென்று, "அடியே, ஒருத்தி கூடப் போட்டோ எடுக்கலையேடி" என்று கூவினாள். அண்ணாச்சி சீட்டுக்கு அடியில் கிடந்த டின்னைப் பார்த்தார். பிறகு ஊர் வரும் வரை சிரித்துக்கொண்டே வந்தார்.

லீவு முடிந்த முதல் நாள், பொட்டலில் கம்பெனியே கூடிவிட்டது. போட்டோ இல்லை. மதினி, "அஞ்சு நிமிசம் ஓடுச்சு" என்று அடித்துச் சொன்னாள். இன்னொருத்தி பனை உயரம் என்றாள். இப்படிச் சொன்னால் யார் நம்புவார்கள்? சிரிப்பு ஏறிக்கொண்டே போக, ஃபோர்மேன் என் பக்கம் திரும்பினார். "நீ சொல்லு. ஒன் வாயில வந்தாத்தான் கணக்கு." அண்ணாச்சி வேன் கதவில் சாய்ந்து நின்றார். என் வாழ்நாளில் நான் எண்ணிய எண்களிலேயே சுத்தமான எண் என் நாக்கு நுனியில் இருந்தது. அதைச் சொன்னால் பலகையில் ஏற வேண்டும். நீச்சல் தெரியாத, இடுப்பளவுத் தண்ணீரைப் பார்த்தாலே காலை உதறுகிற நான், ஊர் பார்க்க ஏற வேண்டும். "ஏழெட்டு இருக்கும்" என்றேன். "அட, அம்புட்டுதானா" என்று கூட்டம் கலைந்தது. அன்றிலிருந்து கம்பெனியில் அவர் பெயரே 'ஏழெட்டு' ஆகிவிட்டது. சாயங்காலம் எல்லோரும் இறங்கிய பிறகு அவர் என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டார்: "திரியை எண்ணுறப்பவும் இப்படித்தான் குறைச்சுப் போடுவியாம்மா?" வீட்டுக்கு வந்து சோறு இறங்கவில்லை.

அடுத்த வருடம் கம்பெனி பெரிய பஸ் விட்டது, வேன் நின்றது. அவர் மேற்குக் கடற்கரைப் பக்கம் ஐஸ் லோடு ஓட்டப் போய்விட்டார். போகிற அன்று பலகையைத் தோளில் தூக்கி வந்து எங்கள் வாசலில் சாய்த்துவைத்தார். "உன் சீட்டுதானே, வச்சுக்கோ" என்றார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். ஐந்து வருடம் அதன் மேல் குடத்தை வைத்து மறைத்தேன்.

இப்போது என் போனில் எல்லாம் வருகிறது. அலை எத்தனை அடி, ஒன்றுக்கும் அடுத்ததற்கும் எத்தனை விநாடி, காற்று எந்தப் பக்கம். கடலிலிருந்து பல மைல் தள்ளி, கரிசல் காட்டு நடுவில், உலை கொதிக்கும்போது நான் வைப்பாற்று முகத்துவாரத்து அலையைப் பார்க்கிறேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமைக்குப் பதினோரு விநாடி, முழங்கால் உயரம், காலையில் மேற்குக் காற்று என்று காட்டியது. எச்சரிக்கை எதுவும் இல்லை. குடங்களை இறக்கினேன். மதினியும் நானும் பலகையை ஒரு மினி லாரியில் போட்டுக்கொண்டு போனோம். கரையில் இறங்கியதும் இரண்டு போனையும் டிபன் டப்பாவில் வைத்து மூடினேன். "ஏட்டி, இன்னைக்குமா?" என்றாள் மதினி. இந்தத் தடவை தெரிந்தேதான் வைத்தேன்.

இடுப்பளவுத் தண்ணீரில் திட்டின் மேல் நின்று, பலகையில் குப்புறப் படுத்தேன். நிற்கிற எண்ணமெல்லாம் எனக்கு இல்லை. அலை வந்ததும் மதினி வேனைத் தள்ளுகிற மாதிரி தள்ளினாள். வயிற்றுக்கு அடியில் தண்ணீர் எழுந்தது, பலகை தானாக ஓடியது. ஒன்று. வாய் நிறைய உப்பு. இரண்டு. நான் கத்துகிறேன் என்பதே எனக்குத் தெரியவில்லை. மூன்று. நான்கு. முனை தண்ணீரில் குத்தி, நான் தலைகீழாகப் போய் மூக்கெல்லாம் மணலோடு எழுந்தேன். எழுந்து நின்று பைத்தியம் மாதிரி சிரித்தேன்.

மறுநாள் காலை பஸ்ஸில் எழுந்து நின்றேன். பழைய ஆட்கள் பாதிப் பேர் இருந்தார்கள், முன்சீட்டில் ஃபோர்மேனும் இருந்தார். "நேத்து நான் அலையில ஏறுனேன். நாலு எண்ணுனேன். அண்ணாச்சி அன்னைக்கு ஓடுனது இருவத்து மூணு. ஏழெட்டுன்னு நான் சொன்னது பொய்" என்றேன். ஃபோர்மேன் திரும்பி என்னைப் பார்த்தார். பிறகு, பழக்கத்தில், சட்டைப் பையைத் தடவி நோட்டை எடுத்தார்.

கம்பெனி கேட்டில் போனைக் கொடுப்பதற்கு முன் அண்ணாச்சிக்கு அடித்தேன். "அண்ணாச்சி, இருவத்து மூணு. எல்லார்ட்டயும் சொல்லிட்டேன். நான் நாலு." அந்தப் பக்கம் லாரிச் சத்தம். அதற்கு மேல் அவர் கேட்டார், "காத்து எங்கன இருந்து வந்துச்சு?"

"மேக்கேருந்து."

"முனையைத் தூக்கிப் பிடிச்சியா?"

"இல்ல அண்ணாச்சி, குத்திருச்சு."

"அடுத்த வாட்டி தூக்கிப் பிடி. பத்து வரும்" என்றார்.

குடங்கள் இப்போது தரையில் இருக்கின்றன. பலகை வாசல் கதவோரம் நிற்கிறது.