அப்பாவின் சாட்சியும் வெர்னெல் அக்காவும்

வெர்னெல் பெட்வே பெரிய சட்டப் பேராசிரியை என்று பத்திரிகைகள் எழுதின. அலபாமாவில் எங்கள் தெருவுக்கு அவள் வெர்னெல் அக்கா, அவ்வளவுதான். கெளுத்தி மீன் வறுவல் வாசனை வந்தால் சட்டப் புத்தகத்தை மூடிவிடுவாள். 

என் அப்பா ஏமஸ் கெய்ன்ஸ் காகித ஆலையில் மரக்கட்டை சுமந்தார். கறுப்பருக்கு வெளி முற்றத்தில் சுமை வேலை, வெள்ளைக்காரருக்கு இயந்திரக் கூடம் என்பது அங்கே வழக்கம். அப்பாவிடம் வேலை பழகிய வெள்ளைக்காரப் பையன்களே அவருக்கு மேஸ்திரி ஆனார்கள். ஓய்வு பெறுவதற்குள் காகித இயந்திரத்தை ஓட்டிப் பார்த்துவிட வேண்டும் என்று அவருக்கு ஒரே ஆசை. வேலையில் நிறம் பார்க்கக் கூடாது என்று சட்டம் வந்தும் ஆலை அசையவில்லை. வாஷிங்டனில் பாடம் நடத்திக்கொண்டிருந்த அக்கா வழக்கு நடத்த ஊருக்கு வந்தாள்.

புதன்கிழமை ஜெபம் முடிந்ததும் சர்ச் கூடத்திலேயே சாட்சிகளைத் தயார் செய்வாள். அப்பா அங்கே குறைகளை அடுக்கி வெளுத்து வாங்குவார். கோர்ட்டில், ஞாயிற்றுக்கிழமைக் கோட்டோடு கூண்டில் ஏறியவரிடம், ஆலையில் ஏதாவது குறை உண்டா என்று ஆலைத் தரப்பு வெள்ளைக்கார வக்கீல் சிரித்த முகத்தோடு கேட்டார்.

"எல்லாம் நல்லாத்தான் நடக்குதுங்க ஐயா" என்றுவிட்டார் அப்பா.

பாவி மனுஷன்! எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றியது. வெள்ளைக்காரர் கேட்டால் எங்கள் ஆட்கள் வாயில் தானாக வருகிற பதில் அது. வேறு பதில் சொன்னவர்கள் என்ன ஆனார்கள் என்று பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். வழக்கு போச்சு என்றே நினைத்தேன்.

அக்கா நிதானமாக எழுந்தாள்.

"மிஸ்டர் கெய்ன்ஸ், உங்களுக்குக் குறை இருந்திருந்தா இவர்கிட்ட என்ன சொல்லியிருப்பீங்க?"

அப்பா வக்கீலை ஒரு தரம் பார்த்துவிட்டு அக்காவிடம் திரும்பினார். "அப்பவும் இதேதாம்மா. வேற சொன்னா வீட்டுல அடுப்பு எரியுமா?"

நீதிபதி பேனாவைக் கீழே வைத்துவிட்டு அப்பாவையே பார்த்தார். தீர்ப்பு எங்கள் பக்கம் வந்தது. ஓய்வுக்கு முந்தின வருஷம் அப்பா இயந்திரக் கூடத்துக்குள் போனார். அன்றைக்கு வீட்டில் அவர் வாய் ஓயவே இல்லை.

அதன்பின் அக்கா எத்தனையோ முதலாளிகளோடு மல்லுக்கு நின்றாள், தடித்தடியாகப் புத்தகங்கள் எழுதினாள். ஆனாலும் மாணவர்களுக்கு முதல் நாள் வகுப்பில் அப்பாவின் பதிலைத்தான் சொல்லிக்கொடுப்பாளாம். புகாரே வரவில்லை என்று யாராவது சொன்னால் அதை அப்படியே நம்பிவிடாதீர்கள் என்பாளாம்.

வயதான பிறகு ஊரோடு வந்து படுக்கையில் விழுந்தாள். பார்க்கப் போனேன். எப்படி இருக்கிறாய் என்றேன்.

"எல்லாம் நல்லாத்தான் நடக்குது, லூடி."

"குறை இருந்தா என்ன சொல்லுவே அக்கா?"

சிரித்தாள். கொஞ்ச நேரத்தில் அந்தச் சிரிப்பு நின்றது.

"வலிக்குதுடி. பயமாவும் இருக்கு" என்றாள்.

அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். அன்றைக்கு நான் வீட்டுக்குப் போகவில்லை.