மூன்றாவது கொடி

அன்றைக்கு மந்தைவெளி தாலிம்கானாவில், அந்த உடற்பயிற்சிக் கூடத்தில், இருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன். எடை தூக்கியவள் கஸ்தூரி. நடுவர்கள் மூன்று பேர்: டிரில் மாஸ்டர் தேவராஜ், தபால்காரர் அந்தோணி, என் வீட்டுக்காரர். சங்கத்துச் செயலாளர் ரங்கநாதன். பெண்பிள்ளை என்று அவளைத் தவிர நான் ஒருத்திதான். மற்றவர்கள் வேடிக்கை பார்க்க வந்தவர்கள். அவர்கள் எனக்கு வேண்டாம்.

போன செவ்வாய்க்கிழமை கஸ்தூரியின் மகள் போன் செய்து, “பெரியம்மா, அம்மா போய்ட்டாங்க” என்றபோது இந்தப் பெயர்கள்தான் வரிசையாக வந்து நின்றன. அவளைத் தெரிந்த நீங்கள் அவள் வாங்கிய மெடல்களைப் பேசுவீர்கள். அதற்கு முந்தியதை நான்தான் சொல்ல வேண்டும்.

அவள் அப்பா எங்கள் தெருமுனையில் விறகுத்தொட்டி வைத்திருந்தார். தராசுக்கான எடைக்கற்களை இரண்டு கையிலும் பிடித்துத் தலைக்கு மேல் தூக்கி விளையாடுவாள். யாராவது கேலி செய்தால், “இரும்புக்கு இன்னா தெரியும், தூக்குறது பொடவையா வேட்டியான்னு?” என்பாள்.

என் மூத்தவன் பிறந்த அன்று காலையில் தெருவில் முழங்கால் தண்ணீர். எனக்கு வலி எடுத்துவிட்டது. ரிக்‌ஷா தேடிப் போன என் வீட்டுக்காரர் திரும்பவில்லை. கஸ்தூரிதான் என்னைக் குழந்தையைப் போல ஏந்திக்கொண்டு பெரிய ரோடு வரைக்கும் தண்ணீரில் நடந்தாள். “கத்தாதக்கா, எனக்கு சிரிப்பு வந்தா உன்னைப் போட்டுடுவேன்” என்றாள். அந்த வலியிலும் நான் சிரித்தேன்.

தாலிம்கானாவில் பெண்களை விட மாட்டார்கள். இவள் போய்ப் போய்க் கேட்டதில் ரங்கநாதன் ஒரு நிபந்தனை போட்டார். அறுபது கிலோ தூக்க வேண்டும். மூன்று நடுவரும் வெள்ளைக் கொடி காட்டினால் உள்ளே வந்து பழகலாம், ஒரு கொடி குறைந்தாலும் அந்தப் பக்கமே வரக் கூடாது. புடவை கம்பியில் மாட்டுமே என்று, என் வீட்டுக்காரரின் பழைய காக்கிக் கால்சட்டையைப் பிரித்து அவளுக்கு அரைக்கால் சட்டை தைத்துக் கொடுத்தேன்.

தூக்கினாள். மார்புக்கு வந்தது, ஒரு மூச்சு, தலைக்கு மேல் போய் நின்றது. தேவராஜ் கொடி காட்டினார். அந்தோணி காட்டினார். என் வீட்டுக்காரர் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கம்பிக்கு அடியிலிருந்து அவள் கூப்பிட்டாள்:

“மாமா, பாருங்க! மாமா!”

அவர் திரும்பவில்லை. அதற்கு மேல் தாங்காமல் கம்பியைக் கீழே போட்டாள்.

“பார்க்கலையே, எப்படிக் கொடி காட்றது?” என்றார் எல்லோரிடமும். வீட்டுக்கு வந்து என்னிடம், “பொம்பளைப் புள்ள தொடை தெரிய நிக்குது. நான் எங்கடி பார்க்கிறது?” என்றார்.

தண்ணீரில் என்னைத் தூக்கிப் போனபோதும் அவள் புடவை தொடைக்கு மேல்தான் இருந்தது. அதை அவரிடம் சொன்னேன்.

கஸ்தூரி அழவில்லை. “மாமா பாவம், வெக்கப்பட்டுட்டாரு. விடுக்கா” என்றாள். பால்மாவு டப்பாக்களில் சிமெண்டு ஊற்றி, இரும்புக் குழாயில் கோத்து, விறகுத்தொட்டியிலேயே பழகினாள். டப்பாக்களை வீடு வீடாகக் கேட்டு வாங்கி வந்தவள் நான். வெகு காலம் கழித்துப் பெண்களுக்கென்று போட்டி வந்தபோது, பாதி வயதுப் பெண்களோடு நின்று மாநிலத்துக்கே முதலாவதாக வந்தாள். மெடலைக் கொண்டுவந்து முதலில் என் கழுத்தில்தான் போட்டாள். ஆனால் அந்த அறுபது கிலோ எந்த நோட்டிலும் ஏறவில்லை.

அந்த டப்பாக்களில் ஒன்று என் வாசல் கதவுக்கு முட்டுக் கொடுத்திருக்கிறது. இப்போதெல்லாம் காலால் தள்ளித்தான் நகர்த்துகிறேன். நான் இருக்கும்வரை அது அங்கேதான் இருக்கும்.

போன் வந்த அன்று என் வீட்டுக்காரர், “நல்ல பொண்ணு” என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவள் விட்டுவிட்டாள், நான் விடவில்லை. ஐம்பது வருஷத்துக்கு மேலாக அவருக்குச் சோறு போடுகிறேன், ஒரு நாளும் அவர் பெயரைச் சொன்னதில்லை. எங்களில் அது வழக்கமில்லை. கஸ்தூரிக்காக இன்றைக்குச் சொல்கிறேன். மூன்றாவது கொடியைக் கையில் வைத்திருந்தவர் பெயர் சம்பந்தம்.