காய்ந்துவிட்டது என்று சொன்னேன்

என் தம்பியின் உடம்பைக் கெடுத்தவள் நான்தான்.

சுற்றிவளைத்துச் சொல்ல எனக்குத் தெம்பில்லை. பனி கொட்டும் நாட்டுக்கு அவன் புறப்பட்ட அன்று, உள்ளே ஈரம் காயாத ஒரு குளிர் ஜெக்கெட்டைச் சுருட்டி அவன் பெட்டியில் வைத்தேன். ஈரம் என்று தெரிந்தே வைத்தேன்! காய்ந்துவிட்டது என்று வாயாலும் சொன்னேன்.

இதைப் படிக்கும் நீங்கள் யாரென்று எனக்குத் தெரியாது. தெரியாதவர் என்பதால்தான் சொல்ல முடிகிறது. என்னைத் தெரிந்த எவரிடமும் இன்றுவரை நா எழவில்லை...

கண்டியில், கட்டுக்கலைக்கு மேலே படியேறிப் போகும் ஒரு வாடகை வீட்டில் நாங்கள் மூவர் இருந்தோம். அப்பா, நான், தம்பி சுரேன். அம்மா இறந்து வெகுகாலம். அப்பாவுக்கு வாதம் அடித்து இடப்பக்கம் விழுந்துவிட்டது, கட்டிலோடு கிடந்தார். நான் கல்யாணமாகாதவள். காலையில் அவரைத் துடைத்து, சோறூட்டி, பக்கத்து வீட்டு அம்மாவைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் புடவைக் கடை வேலைக்கு ஓடுவேன். அந்த உடம்பைத் தூக்கி உட்கார வைக்க மட்டும் என்னால் ஆகாது. அதற்குச் சுரேன் வேண்டும்.

அவனுக்குப் போலந்தில் வேலை சரிவந்தது. எல்லாம் முடிந்த பிறகுதான் என்னிடம் சொன்னான்.

"அப்பாவ யாருடா பாக்கிறது?" என்று கேட்டேன்.

"நீதான் இருக்கியேக்கா."

அவன் அதை அன்போடுதான் சொன்னான். இப்போது புரிகிறது. அன்று எனக்கு, வெளியிலிருந்து யாரோ என்மேல் கதவைப் பூட்டியதுபோல் இருந்தது.

ஜெக்கெட்டைக் கொண்டுவந்தவன் மகேந்திரன். மடுல்கெல்லத் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை. சுரேனோடு ஒரே வகுப்பில் படித்தவன். அதே நாட்டில் வேலை செய்துவிட்டுத் திரும்பியவன். நண்பன் குளிரில் வாடக்கூடாதென்று தன்னுடையதைப் பஸ்ஸேறிக் கொண்டுவந்தான். ஊதிய பலூன்போல் உப்பிக்கொண்டு, கையில் எடுத்தால் எடையே தெரியாமல் இருந்தது.

"உள்ளுக்க வாத்து இறகுக்கா. பெட்டியில கெடந்து வாடை அடிக்குது, ஒருக்கா அலசிருங்க. சோப்புத்தூள் கொஞ்சமா போதும். முறுக்கிப் பிழிஞ்சிறாதீங்க. படுக்கப் போட்டு, கட்டி கட்டியா நிக்கிற எடத்தக் கையால பிரிச்சு விட்டுக்கிட்டே இருக்கணும். எத்தன நாளானாலும் உள்ள ஈரம் இருக்கக்கூடாது. இறகு ஒட்டிக்கிச்சுன்னா அப்புறம் அது வெறும் துணிதான், குளிர் தாங்காது."

சொல்லவில்லை என்று நான் சாதிக்க முடியாது. அத்தனையும் சொன்னான்.

தொடக்கத்தில் ஒழுங்காகவே செய்தேன். பெரிய பேசினில் வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றி அமுக்கினேன். முதலில் அது மிதந்தது, முரண்டு பிடித்தது. பிறகு தண்ணீரைக் குடித்துக் கனத்துப்போய், நனைந்த கோழியின் வாடையோடு அடியில் படுத்துவிட்டது. நுரை போகும்வரை அலசினேன். இரண்டு கதிரைகளுக்கு மேல் பாய் விரித்துக் கிடத்தினேன். அது மழைக்காலம். நடுப்பகல் தாண்டினால் ஹந்தானை மலை மூட்டத்தில் மறைந்துவிடும். பிறகு எல்லாமே ஈரந்தான். ஆனாலும் கடையிலிருந்து வந்ததும் உட்கார்ந்து, துணிக்குள் உருண்டு கிடந்த இறகுகளை விரலால் பிரித்து விட்டேன்.

பிறகுதான் அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தது.

அப்பாவை நான் தனியாகப் புரட்டும்போது அவர் கட்டிலிலிருந்து வழுக்கித் தரையில் விழுந்துவிட்டார். தூக்க முயன்றேன். முடியவில்லை. சுரேன் நண்பர்களோடு டவுனுக்குப் போயிருந்தான். அவன் வரும்வரை அப்பாவின் தலையை மடியில் வைத்துக்கொண்டு சிமெந்துத் தரையில் உட்கார்ந்திருந்தேன். அவர் வேட்டி நனைந்தது. என் புடவையும் நனைந்தது. அவர் ஒரு கண்ணால் அழுதார்...

சுரேன் வந்து ஒரே தூக்கில் அவரைக் கட்டிலில் சேர்த்தான். என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரித்தான்.

"போகப் போகப் பழகிரும்க்கா."

நான் பின்பக்கம் போனேன். அந்த ஜெக்கெட்டை எடுத்தேன். என் பலமெல்லாம் கூட்டி முறுக்கிப் பிழிந்தேன். எதைப் பிழிந்தேன்? யாரை? கேட்காதீர்கள். முறுக்கியதை அப்படியே தோளில் கிளிப் மாட்டிக் கொடியில் தொங்கவிட்டேன்.

மறுநாள் தொட்டுப் பார்த்தபோது தோள்பக்கம் வெறும் துணி. இறகெல்லாம் கீழே சரிந்து, தையலுக்குத் தையல் ஈரக் கட்டிகளாக இருந்தன.

கோபத்தில் செய்தாய், போகட்டும் என்று நீங்கள் சொல்லலாம். ஆனால் கேளுங்கள்... அவன் புறப்பட இன்னும் நாள் இருந்தது! மறுபடி நனைத்து, பிரித்து, உலர்த்தியிருக்கலாம். கோபம் ஒரு நாளில் தணிந்துவிட்டது. அதன் பிறகும் நான் செய்யவில்லை. கடந்துபோகும் ஒவ்வொரு தடவையும் பார்த்தேன், கைவைக்கவில்லை. அதற்கு என்ன பெயர்?

கடைசி நாள் மேலே துடைத்து, தட்டி, சுருட்டிப் பொலித்தீன் பையில் போட்டேன்.

"காஞ்சிருச்சாக்கா?"

"நல்லா காஞ்சிருச்சு."

போய்ச் சேர்ந்து போன் எடுத்தான். "என்னக்கா இது, பூஞ்சணம் பிடிச்சு நாறுது. தோள்ல ஒண்ணுமே இல்ல. லொறியில சாமான் ஏத்துற வேல, வெளியிலதான் நிக்கணும். காத்து அப்படியே எலும்புக்குள்ள எறங்குது."

அப்போதாவது சொல்லியிருக்கலாம். நான் சொன்னதென்ன தெரியுமா? "மகேந்திரன் போட்டுப் பாவிச்சு முடிஞ்சதத்தானே தந்திருப்பான்."

எவ்வளவு சுலபமாக வந்தது அந்த வாக்கியம்!

வேறு உடுப்பு வாங்கச் சம்பளத்துக்குக் காத்திருந்தான். அதற்குள் நெஞ்சில் சளி கட்டி, காய்ச்சல் கண்டு, ஆஸ்பத்திரியில் கிடந்தான். நுரையீரலில் பாதிப்பு என்றார்கள். வேலை போயிற்று. திரும்பி வந்தவன் எங்கள் வீட்டுப் படியில் மூன்று இடத்தில் உட்கார்ந்து ஏறினான். ஜெக்கெட்டால்தான் வந்ததா, வேறு எதனாலாவதா? டொக்டரிடம் கேட்க எனக்குத் துணிவில்லை. யாராவது எனக்கு ஆறுதலாக ஏதேனும் சொல்லிவிடுவார்களோ என்றும் பயம்.

அவன் வந்த செய்தி கேட்டு மகேந்திரன் ஓடி வந்தான். சுரேன் அறையை விட்டு வெளியே வரவில்லை. "குப்பையக் குடுத்து என்னயக் கொல்லப் பாத்தவன். போகச் சொல்லுக்கா" என்றான்.

வாசலில் நின்ற மகேந்திரனுக்கு அது கேட்டது. அவன் என்னைப் பார்த்தான்.

"நான் குடுக்கிறப்ப நல்லாத்தானேக்கா இருந்திச்சு? நீங்க கையில வாங்கிப் பாத்தீங்கதானே?"

"எனக்கு அதெல்லாம் என்ன தெரியும் தம்பி" என்றேன்.

அவன் செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கினான். அவனுக்குத் தெரியுமா? தெரிந்துதான் போனானா? இந்தக் கேள்வியோடுதான் நான் சோறு தின்கிறேன்.

அப்பா போய்விட்டார். கடைசிவரை அவரைத் தூக்கச் சுரேனால் முடியவில்லை; கூலிக்கு ஆள் வைத்தோம். இப்போது நானும் அவனும்தான். நான் ஆவி பிடிக்கத் தண்ணீர் வைத்துக் கொடுக்கிறேன். வருகிறவர்களிடமெல்லாம், "அக்கா இல்லாட்டி நான் இல்ல" என்கிறான். நான் தலையைக் குனிந்துகொள்கிறேன். அடக்கமானவள் என்கிறார்கள்.

போன மாதம் மகேந்திரனின் அம்மா தவறிவிட்டார். சுரேன் வர மறுத்தான். அவனிடம் சொல்லாமல் நான் மட்டும் மடுல்கெல்லைக்குப் பஸ்ஸேறினேன். இன்றைக்குச் சொல்லிவிடுவது என்று வழிநெடுக வார்த்தைகளை அடுக்கிக்கொண்டு போனேன்.

மகேந்திரன் மொட்டையடித்த தலையோடு வந்து எனக்குக் கதிரை போட்டான். தானே ப்ளேன்டீ கொண்டுவந்து கொடுத்தான். "சுரேன் நல்லா இருக்கானாக்கா?" என்றான். குரலில் கோபமே இல்லை. அவன் மனைவி பக்கத்தில் நின்றாள். பிள்ளைகள் நின்றன. நான் தேநீரைக் குடித்து முடித்தேன். "இருக்கான்" என்றேன். எழுந்தேன். பஸ் வரும்வரை அவன் என்னோடு ரோட்டில் நின்றான். அங்கே யாருமே இல்லை. அப்போதும் நான் சொல்லவில்லை!

வீட்டுக்கு வந்ததும் சுரேன் கேட்டான்: "எங்கக்கா போயிருந்த, இவ்வளவு நேரம்?"

"கோயிலுக்கு."

"எனக்காகவும் கும்பிட்டியா?"

"கும்பிட்டேன்" என்றேன்.