பரீட்சை அறையில் இன்னொருவர்

ரதிதேவி களவடித்துப் பரீட்சை எழுதினாள் என்று முதலில் சொன்னது கணினிதான். மனிதர்கள் பிறகுதான் வந்து சேர்ந்தார்கள்.

புலம்பெயர்ந்து வந்த நாட்டில், ஹென்டர்சன் என்ற இடத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் அவளுக்கு உதவியாளர் வேலை. ஓட்டிசம் உள்ள பிள்ளைகளுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும், கடியும் உதையும் வாங்க வேண்டும், அப்படியும் முகம் மாறக்கூடாது. எந்தப் பிள்ளையை எப்படிப் பார்ப்பது என்ற திட்டத்தை மட்டும் மேலே இருந்து யாரோ எழுதி அனுப்புவார்கள். அதைத் தானே எழுத வேண்டும் என்று அவளுக்கு ஆசை வந்தது. நாற்பத்தைந்தைத் தாண்டிய பிறகு, வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றின் இளங்கலைப் பாடங்களில் ஒன்லைனில் சேர்ந்தாள். முடித்தால் உதவி நடத்தைப் பகுப்பாய்வாளர் சான்றிதழுக்குப் போகலாம். ஒரு பிள்ளை ஏன் கத்துகிறது, ஏன் தலையைச் சுவரில் மோதுகிறது என்பதை, அதற்கு முன்னும் பின்னும் என்ன நடக்கிறது என்று பார்த்துக் கண்டுபிடிக்கிற படிப்பு. கண்ணால் கண்டதை எழுது, நீயாக நினைத்ததை எழுதாதே என்பது அதில் முதல் பாடம். அந்தப் பாடத்தை அவளுடைய பல்கலைக்கழகத்துக்கே யாராவது படிப்பித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

கடைசிப் பாடத்தின் பரீட்சையை வீட்டிலிருந்தே எழுதலாம். ஆனால் ஒரு மென்பொருள், கண் எங்கே போகிறது, வாய் அசைகிறதா என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கும். சுவரில் ஒன்றும் இருக்கக்கூடாது. ரதிதேவி கலண்டரைக் கழற்றினாள், மகள் பிரணவி சின்னதில் கீறிய படங்களைக் கழற்றினாள், ‘சுவர்கள் வெறுமையாக உள்ளன’ என்ற இடத்தில் சரி போட்டாள். மேசைக்கு மேலே பிள்ளையார் இருந்தார். அவரைச் சுவரில் கிடக்கிற ஒரு பொருளாக அவளுக்குத் தோன்றவேயில்லை. வீட்டில் கதவைச் சாத்தி இருக்கக்கூடிய இடம் சாமியறை ஒன்றுதான். அது அவருடைய அறை, இவள்தான் மேசையைக் கொண்டுபோய்ப் போட்டவள். அறையைக் காட்டக் கமராவைச் சுற்றியபோதும் அவர் அதற்கு எட்டாத உயரத்தில் தப்பிவிட்டார்.

இரண்டு கிழமை கழித்து மின்னஞ்சல் வந்தது. கேள்விகள் திறக்குமுன்பே மாணவி வெற்றுத்தாளில் ஒரு குறியீடு எழுதினார். அவருடைய கண்கள் திரும்பத் திரும்ப மேலே ஒரே இடத்துக்குப் போய் வந்தன. உதடுகள் அசைந்தன. ஆகவே கமராவில் படாத இன்னொருவர் அறையில் இருந்து விடை சொல்லிக் கொடுத்தாரா என்று விசாரிக்கப்படும். குற்றம் உறுதியானால் படிப்பிலிருந்து நீக்கம்.

பிள்ளையார் சுழிக்கு இப்படியும் ஒரு வியாக்கியானம் உண்டென்று அன்றைக்குத்தான் தெரிந்தது. ரதிதேவிக்குச் சிரிப்பு வரவில்லை. களவடித்தவள் என்ற பெயரோடு திரும்பவும் அந்தப் பள்ளிக்கூடத்துக்குள் எப்படிக் கால் வைப்பது?

அவளுடைய கணவன் ஜனார்த்தன், விரி என்ற இடத்தில் ஒரு கிடங்கில் பாரம் தூக்கும் போர்க்லிப்ட் வண்டி ஓட்டுகிறவன். வேலையால் வந்து சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் மின்னஞ்சலைப் படித்தான்.

“நீர் படத்தைக் கழட்டி வைச்சிருக்கலாமெல்லே.”

“அது படம் எண்டே நான் நினைக்கேல்லையப்பா.”

“அதை அவங்களுக்கு எப்பிடி விளங்கப்படுத்தப் போறீர்?”

பிரணவி சட்டம் படிக்கிறாள், இரண்டாம் வருடம். தமிழ் விளங்கும், வாயைத் திறந்தால் ஆங்கிலம்தான். அவள் ஒரு வழி கண்டுபிடித்தாள். பரீட்சைப் பதற்றம் என்று சொன்னால் போதும். பதற்றத்தில் உதடு அசையும், கண் அலையும். டாக்டரிடம் அப்படியொரு துண்டு எழுதி வாங்கலாம். கடவுளை மட்டும் இழுக்க வேண்டாம். அறிவியல் படிக்கிற ஆள் படத்தோடு பேசினேன் என்றால் என்ன நினைப்பார்கள்? நாலைந்து வசனத்தில் ஒரு பந்தியை எழுதி, அம்மா மனப்பாடம் செய்யட்டும் என்று பெரிய எழுத்தில் அச்சடித்தும் கொடுத்தாள். ரதிதேவி பஸ்ஸிலும், சமைக்கும்போது குசினியிலும் அதைச் சொல்லிப் பார்த்தாள். சொல்லச் சொல்ல நாக்கு தடித்தது. பொய்யென்றும் சொல்ல முடியாது, பதற்றம் இருந்ததுதான். ஆனால் நடந்தது அதுவல்ல.

விசாரணைக்குத் துணையாக ஒருவர் இருக்கலாம் என்பதால் பிரணவி அதே சாமியறையில் அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். திரையில் மூன்று பேர்: தலைவர், பரீட்சை அதிகாரி, நடத்தைப் பாடம் எடுக்கிற நரைத்த தலை விரிவுரையாளர் ஒருத்தி. பரீட்சை அதிகாரி வீடியோவை ஓடவிட்டார். ரதிதேவி தன்னையே பார்த்தாள். கண் மேலே போகிறது, உதடு அசைகிறது, எழுதுகிறாள், மறுபடியும் கண் மேலே. தெரியாத ஒருத்தியாக இருந்திருந்தால் அவளும் கள்ளி என்றுதான் எழுதியிருப்பாள்.

“யாரோடு பேசிக்கொண்டிருந்தீர்கள்?” என்று தலைவர் கேட்டார்.

பிரணவி மேசைக்குக் கீழே அம்மாவின் முழங்காலைத் தட்டினாள். ரதிதேவி பந்தியை விட்டுவிட்டுக் கண்ணை மேலே தூக்கினாள்.

“பிள்ளையாரோடு,” என்றாள். “எங்கள் கடவுள். இங்கேதான் இருக்கிறார்.”

மடிக்கணினியைத் தூக்கித் திருப்பினாள். திரையில் இருந்த மூவரும் பிள்ளையாரைப் பார்த்தார்கள். பிரணவி கண்ணை இறுக்க மூடிக்கொண்டாள்.

“சுவர் வெறுமை என்று சொல்லியிருந்தீர்கள்.”

“ஓம். அது என் பிழை. அவரை நான் கணக்கில் எடுக்கவில்லை.” தாளில் போட்டது எந்த வேலைக்கும் முன் போடுகிற சுழி என்றும் சொன்னாள். தன்னுடைய ஆங்கிலத்தில் எல்லாமே இன்னும் மோசமாகக் கேட்பதாக அவளுக்குப் பட்டது.

தலைவர் பேனாவை உருட்டினார். “கேலிக்காகக் கேட்கவில்லை, பதிவில் இருக்க வேண்டும். உங்களுக்கு யாராவது பதில் சொன்னார்களா?”

“இல்லை.”

“அன்றைக்கு மட்டுமா?”

ரதிதேவிக்கு ஏனோ கோபம் வந்தது. அவர்கள்மேலா, மேலே இருந்தவர்மேலா என்று அவளுக்கே விளங்கவில்லை. “ஒருநாளும் சொன்னதில்லை,” என்றாள். “எனக்குப் பதினெட்டு வயதில் போரால் யாழ்ப்பாணமே இடம்பெயர்ந்தது. பாலத்தைக் கடந்து சாவகச்சேரிப் பக்கம் வந்த பிறகு, என் அண்ணன் மாவும் சீனியும் எடுத்து வருகிறேன் என்று சைக்கிளில் வீட்டுக்குத் திரும்பிப் போனான். வரவில்லை. அன்றைக்குத் தொடங்கிக் கேட்கிறேன். இன்னும் பதில் இல்லை.”

அந்த விரிவுரையாளர் கண்ணாடியைக் கழற்றினாள்.

“பதில் கிடைக்காத நடத்தை மெல்ல மெல்ல நின்றுபோகும் என்று என் வகுப்பில்தான் படித்தீர்கள்,” என்றாள். குரலில் குத்தல் இல்லை. “உங்களுடையது ஏன் நிற்கவில்லை?”

அந்த அத்தியாயத்தில் எந்தக் கேள்வி வந்தாலும் ரதிதேவி தலைகீழாகச் சொல்வாள்.

“தெரியாது,” என்றாள். “புத்தகத்தின்படி எப்போதோ நின்றிருக்க வேண்டும்.”

விரிவுரையாளர் தலையாட்டிவிட்டுக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டாள். மூவரும் முடிவெடுக்கத் திரையை விட்டுப் போனார்கள். அம்மாவும் மகளும் வெறும் திரைக்கு முன்னால் இருந்தார்கள், ஒருவரையொருவர் பார்க்காமல். வெளியே ரயில் ஒன்று போய் முடிந்தது. மறுபடி வந்தபோது தலைவர்தான் பேசினார். விடை சொல்லிக் கொடுக்க ஒருவர் இருந்ததற்கு ஆதாரம் இல்லை. குற்றச்சாட்டு விலக்கப்படுகிறது. ஆனால் சுவரைப் பற்றிக் கொடுத்த உறுதி தவறானது; அடுத்த மாதம் வேறொரு அறையில் பரீட்சையைத் திரும்ப எழுத வேண்டும். ரதிதேவி மூன்று தடவை நன்றி சொன்னாள், நாலாவது தடவை சொல்வதற்குள் இணைப்பு அறுந்தது.

அவள் கதிரையில் அப்படியே சாய்ந்தாள். படிப்பு தப்பிவிட்டது, பெயர் தப்பிவிட்டது. இனிப் பள்ளிக்கூடத்துக்குத் தலைநிமிர்ந்து போகலாம். சொன்னபடி செய்யவில்லை என்று மகள் இப்போது சண்டைக்கு வருவாள், வரட்டும்.

பிரணவி சண்டைக்கு வரவில்லை. அச்சடித்த தாளை நாலாக மடித்துக்கொண்டிருந்தாள். பிறகு, சின்னப் பிள்ளையாக இருந்த காலத்துக்குப் பிறகு முதல் தடவையாக, தமிழில் கேட்டாள்.

“அம்மா, எனக்கு ஒரு மாமா இருந்தவரோ?”