பதினான்கோடு ஒட்டிய இருபத்தொன்று

ஏப்ரல் மாதத்தில் காலை பதினோரு மணிக்கெல்லாம் எங்கள் வீட்டுச் சிமென்ட் ஷீட் 'படக், படக்' என்று வெடிக்கத் தொடங்கும். அந்தச் சூட்டில் தம்பி மணியின் கழுத்து மடிப்பில் பூசிய பவுடர் கரைந்து, அடைத்த வீடு முழுக்க அதன் வாசம் அடிக்கும். முத்தாபுதுப்பேட்டையில் ஆறு குடித்தனங்கள் கொண்ட 'லைன் ஊடு' அது. அப்பா அம்பத்தூர் லேத் பட்டறைக்கும் அம்மா துணி கம்பெனிக்கும் போகும்போது எங்கள் இருவரையும் உள்ளே விட்டு வெளியே பூட்டிவிடுவார்கள். மணிக்கு ஆறு வயது, பிறவியிலேயே டவுன் சிண்ட்ரோம். ஒருமுறை லாரி வரும் சாலை வரை ஓடிவிட்டதால் வந்த பூட்டு. பத்தாம் வகுப்புத் தேர்வு முடித்திருந்த நான், என் தோழிகளோடு ஜன்னல் கம்பி வழியாகத்தான் பேசினேன்.

மணிக்கு முன் அம்மாவுக்கு இரண்டு கர்ப்பம் கலைந்திருந்தது. அப்பாவின் அக்கா, என் அத்தை, அதையும் சேர்த்துவைத்து வரும்போதெல்லாம் சொல்வாள்: "எங்கூட்டு வெத சுத்தம், நெலந்தான் களரு." அம்மா அடுப்படிக்குள் போய்விடுவாள்.

அந்த ஏப்ரலின் கடைசிச் சனிக்கிழமை, அம்மா வேலையில் இருந்த நேரம், அப்பா ஆஸ்பத்திரியிலிருந்து ஓர் உறையோடு வந்தார். அவருக்கும் அம்மாவுக்கும் மணிக்கும் எடுத்த ரத்தச் சோதனையின் முடிவு. "டாக்டரம்மா சொன்னதுல பாதிதான் புரிஞ்சிச்சு. இன்னா போட்டுக்கீதுன்னு படி பாப்பா" என்றார்.

தேர்வுக்கு மனப்பாடம் செய்த படங்கள்தாம் அந்தத் தாள்களில் இருந்தன. குரோமோசோமின் இரண்டு இழைகளும் சேர்ந்து இறுகும் இடம் சென்ட்ரோமியர். அது நடுவில் இருந்தால் மெட்டாசென்ட்ரிக், இருபக்கக் கைகளும் ஒரே அளவு. சற்றுத் தள்ளியிருந்தால் சப்மெட்டாசென்ட்ரிக். முனையை நெருங்கிவிட்டால் அக்ரோசென்ட்ரிக், ஒரு கை பெயருக்குத்தான் இருக்கும். முனையிலேயே இருந்தால் டீலோசென்ட்ரிக், அது மனிதரிடம் கிடையாது. பதினான்காவது குரோமோசோமும் இருபத்தொன்றாவதும் அக்ரோசென்ட்ரிக். மணியின் தாளில் இருபத்தொன்று இரண்டு தனியே நிற்க, மூன்றாவது ஒன்று பதினான்கோடு ஒட்டிக்கொண்டிருந்தது. கூடுதலான அந்த ஒன்றுதான் டவுன் சிண்ட்ரோம். அம்மாவின் நாற்பத்தாறும் ஒழுங்காக இருந்தன. அப்பாவின் தாளில் நாற்பத்தைந்துதான். அதே ஒட்டு அங்கேயும் இருந்தது, இரண்டு சேர்ந்து ஒன்றாக. அவரிடம் கூடுதலாக எதுவும் இல்லாததால் அவருக்கு ஒன்றும் தெரியவில்லை, அவ்வளவுதான்.

படித்துச் சொன்னேன். அப்பா தாள்களை மடித்து பீரோ மேல் வைத்தார். "அம்மாவாண்ட சொல்லாத பாப்பா. நானே சொல்றேன்."

அவர் சொல்லவில்லை; அம்மா கேட்டால் "இன்னும் வர்ல" என்றார். ஒரு மாதம் முழுக்க அந்த உறையும் நானும் மணியும் ஒரே அறைக்குள் கிடந்தோம். மாலையில் அம்மா வந்து என் தலையைத் தடவும்போதெல்லாம் என் கண் பீரோ மேலேயே போனது.

மே கடைசியில் அத்தை பத்திரிகை வைக்க வந்தாள். மணியை மடியில் வைத்து பிஸ்கட்டை டீயில் நனைத்து ஊட்டியபடியே, பழக்கதோஷம்போல, நிலத்தையும் விதையையும் இழுத்தாள். அம்மா அடுப்படியில் நின்றிருந்தாள். நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்தார்.

"ப்பா, நீ சொல்றியா, நான் சொல்லட்டா?"

அப்பாவின் குரல் உடைந்தே வந்தது. "வெததான் சொத்த, அக்கா. ரிப்போட்டு வந்து ஒரு மாசமாவுது. எங்கிட்டருந்துதான் கொயந்தைக்கு வந்துக்கீது."

"இன்னாடா ஒளர்ற?" என்ற அத்தை, அவர் முகத்தைப் பார்த்தாள். மணியை மெதுவாக இறக்கிவிட்டு, டீயைக் குடிக்காமலே எழுந்து போனாள்.

அம்மா அழுவாள், அல்லது அத்தனை வருடத்துக்கும் சேர்த்துச் சண்டை போடுவாள் என்று காத்திருந்தேன். "ஒரு மாசமா?" என்று அப்பாவை மட்டும் கேட்டாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். அவள் முகம் வெளுத்துப்போயிருந்தது.

"அப்ப உனுக்கும் இருக்குமா?"

"தெர்லம்மா" என்றேன்.

அந்த லைன் வீடுகள் இப்போது இல்லை. அங்கே நான்கு மாடி எழும்பிவிட்டது. மணி பயிற்சிப் பள்ளிக்கு வேனில் போகிறான், சட்டைப் பொத்தானைத் தானே போட்டுக்கொள்கிறான். அத்தை அவனுக்கு முறுக்கு வாங்கி வருகிறாள். களர் நிலப் பேச்சு எங்கள் குடும்பத்தில் அன்றோடு ஒழிந்தது. நான் பூந்தமல்லியில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை செய்கிறேன். காலையில் வரிசையாக வருகிறவர்களிடம் "பயப்படாதீங்க, எறும்பு கடிச்ச மாரிதான்" என்று சொல்லி ரத்தம் எடுக்கிறேன். பெண் பார்க்க யாராவது வருவதாகச் சொல்லியனுப்பினால் அம்மா என்னைத் தனியே அழைத்து, "நீ ரத்தம் குடுத்துட்டியா?" என்கிறாள்.

"அடுத்த வாரம்மா" என்கிறேன். மூன்று வருடமாக அடுத்த வாரம்தான்.