பொக்கு பொறுக்கிய கதை

எனக்கு அப்போது ஏழு வயது. உதவி செய்வதாக நினைத்துக்கொண்டு எல்லாவற்றிலும் கைவைப்பேன். அன்று ஆரணி மார்க்கெட்டில் நான் கைவைத்தது எங்கள் ஊர் மொத்தத்தின் மல்லாட்டையில்.

நிலக்கடலையைப் பெரணமல்லூர்ப் பக்கம் மல்லாட்டை என்போம். அதுவரை எங்கள் ஊர்க்காரர்கள் தனித்தனியாகத் தரகரிடம் போட்டுவிட்டு, அவர் சொன்ன விலையை வாங்கிக்கொண்டு வருவார்கள். அத்தைதான் வீடுவீடாகப் போய்ப் பேசிக் குழு சேர்த்து, எல்லார் மூட்டையையும் ஒரே வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்திருந்தாள். அதுதான் முதல் தடவை. எல்லா மூட்டையிலிருந்தும் கொஞ்சம் எடுத்து முறத்தில் சாம்பிள் வைக்க வேண்டும். வியாபாரிகள் அதைப் பார்த்து, விலையைச் சீட்டில் எழுதிப் பெட்டியில் போடுவார்கள்.

அத்தை பதிவு செய்யப் போனாள். முறத்துக்கு நான் காவல். வெள்ளை வேட்டிக்காரர்கள் வருவது தெரிந்தது. விருந்தாளிக்கு மல்லாட்டை வைத்தால், உள்ளே பருப்பில்லாத பொக்கைப் பொறுக்கிவிட்டுத்தான் வைக்க வேண்டும் என்பது அத்தை வீட்டுச் சட்டம். ஒரு பொக்கு விடாமல் பொறுக்கிக் கவுன் பையில் போட்டுக்கொண்டேன்.

சீட்டுகளைப் பிரித்தபோது எங்களுக்குத்தான் அன்றைய உச்ச விலை. அத்தை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

எங்கள் சரக்கை எடுத்த வியாபாரி, ஏற்றுவதற்கு முன் ஒரு மூட்டையைத் தரையில் கொட்டி, ஒரு பிடி அள்ளி நசுக்கிப் பார்த்தார்.

“இன்னாம்மா இது, முறத்துல ஒண்ணு, மூட்டையில ஒண்ணு? குழுன்னு சொல்லிகினு ஏமாத்த வந்தீங்களா?”

“எல்லா மூட்டையிலேர்ந்தும் எடுத்ததுதாங்க. சத்தியமாங்க” என்றாள் அத்தை. அவள் குரல் நடுங்கி அதற்கு முன் நான் கேட்டதில்லை. ஓடிப்போய்ப் பையிலிருந்த பொக்கையெல்லாம் அவர் காலடியில் கொட்டினேன்.

“நான்தான் பொறுக்குனேன். அத்தைதான் சொல்லிக் குடுத்துச்சு.”

வியாபாரி அத்தையை ஏற இறங்கப் பார்த்துவிட்டுத் தன் சீட்டைக் கிழித்துப் போட்டார். எங்கள் ஊர்க்காரர்களும் அத்தையைத்தான் பார்த்தார்கள். அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பிறகு சொல்லாமல், சிதறிய கடலையை அள்ள உட்கார்ந்துவிட்டாள். சாயங்காலத்துக்குள் அவரவர் மூட்டையை அவரவர் பிரித்து எடுத்துக்கொண்டு பழைய தரகரிடமே போய்விட்டார்கள்.

அத்தை என்னை அடிக்கவில்லை, திட்டவுமில்லை. பஸ் ஏறுமுன் முறுக்கு வாங்கிக் கொடுத்தாள். உண்மையைச் சொல்லி அத்தையைக் காப்பாற்றியதற்குத்தான் அது என்று நினைத்து, ஊர் வரும்வரை மெதுவாகக் கடித்துத் தின்றேன்.