பிலோமினா அக்கா கேட்ட கேள்வி

பிலோமினா அக்கா மாரடைப்பால் இறந்துபோன செய்தியை எனக்குத் தொலைபேசியில் சொன்னவர் நமது தமிழ்ச் சங்கச் செயலாளர். அழுதுகொண்டே சொன்னார். ஃபாரஸ்ட் கேட் பஸ் தரிப்பில் நின்ற எனக்கு முதலில் வந்தது அழுகையல்ல, ஆத்திரம். இந்த மனிதர்தான் சென்ற மாசி மாதம் அக்காவின் மைக்கை நிறுத்தியவர்.

மன்னாரிலிருந்து வந்த அக்கா, கிழக்கு லண்டன் கல்லூரி ஒன்றில் அமெரிக்க வரலாறு கற்பித்தார். பக்கத்து வகுப்பில் நான் கணிதம் கற்பித்தேன். "வரலாறு எண்டா செத்த ஆக்களின்ர கதை எண்டு நினைக்காதேங்கோ. அதிகாரத்தில இருக்கிறவை இண்டைக்கும் அதே சாக்குப்போக்கைத்தான் சொல்லினம்" என்பார்.

அந்த மாசியில், மனோர் பார்க்கில் சங்கம் கூட்டிய கூட்டத்துக்கு எங்கள் தொகுதியின் ஆளுங்கட்சி எம்.பி. வந்திருந்தார். ஊரில் போர் உச்சத்திலிருந்தது; வன்னியில் குண்டு விழுந்துகொண்டிருந்தது. அக்காவின் ஒரே தம்பி அங்கே அகப்பட்டிருந்தார். நன்றியுரை சொல்ல அழைக்கப்பட்ட அக்கா, ஆங்கிலத்தில் ஒரு கதை சொன்னார்.

சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் ஓர் அமெரிக்க ஜனாதிபதி, ஒரு படைப்பிரிவின் கறுப்பினச் சிப்பாய்களைக் கூட்டாக வேலைநீக்கம் செய்தார். ஓர் ஊரில் யாரோ சுட்டார்கள் என்பது குற்றச்சாட்டு. விசாரணை மன்றம் கிடையாது. யாரும் குற்றத்தை ஒப்புக்கொள்ளவில்லை என்பதே அத்தனை பேருக்கும் தண்டனையாயிற்று. அதை எதிர்த்து எழுந்தவர் ஜனாதிபதியின் சொந்தக் கட்சிச் செனட்டர். ஒரு விருந்தில் ஜனாதிபதி அவரைச் சாடியபோது, செனட்டர் எல்லார் முன்னிலையிலும் எழுந்து பதில் சொன்னார். அதன்பின் அவரது அரசியல் வாழ்வு நீளவில்லை. அறுபது ஆண்டுகளுக்கு மேல் கழித்து, சிப்பாய்கள் நிரபராதிகள் என்று அரசு ஒப்புக்கொண்டபோது அநேகமாக எல்லாரும் இறந்துபோயிருந்தார்கள்.

அக்கா எம்.பி.யின் பக்கம் திரும்பினார். "இந்தப் போரை நிறுத்த ஏன் ஒன்றும் செய்யவில்லை என்று உங்கள் பிரதமரை அப்படி எழுந்து நின்று கேட்பீர்களா? நாங்கள் செத்த பிறகு வரும் நியாயம் எங்களுக்கு வேண்டாம்."

மைக் நின்றது. "அக்கா, போய் இருங்கோ! எங்களுக்கு இருக்கிறது இந்த ஒரு எம்.பி.தான்" என்றார் செயலாளர். அந்த மண்டபத்தில் ஒருவரும் அக்காவுக்காக வாய் திறக்கவில்லை. தேநீரும் வடையும் வந்தன.

அக்கா விடவில்லை. எம்.பி. மக்களைச் சந்திக்கும் நாளில் அவரது அலுவலகத்துக்குப் போனார். நானும் கூடப் போனேன். பிரதமரிடம் தனிப்பட்ட முறையில் பேசியிருப்பதாகவும், வெளியில் எதிர்த்தால் அந்தக் கதவும் மூடிவிடும் என்றும் எம்.பி. மென்மையாக விளக்கினார். "அந்தக் கதவால் இதுவரை யார் உயிரோடு வந்தார்கள்?" என்று கேட்டார் அக்கா. எம்.பி. தம் உதவியாளரைப் பார்த்தார். அடுத்த ஆளை உள்ளே அழைத்தார்கள்.

பஸ்ஸில் திரும்பும்போது அக்கா சொன்னார்: "அந்தாள் நல்லவர்தான். அதுதான் எனக்குக் கூடக் கோவம். கெட்டவனெண்டா நான் ஏன் போய்க் கெஞ்சிறன்?"

மே மாதம், பாராளுமன்றச் சதுக்கத்துப் போராட்டத்தில் நம் சனத்தோடு நின்றிருந்தபோதுதான் தம்பி செத்த செய்தி அவருக்கு வந்தது. உடல் கிடைக்கவில்லை. பங்குத்தந்தை பூசை வைத்தார். சங்கத்திலிருந்து ஒருவரும் வரவில்லை.

அக்காவின் இறுதிப் பூசைக்கு மட்டும் எல்லாரும் வந்தார்கள். எம்.பி.யின் மலர்வளையம் பெட்டியின் தலைமாட்டில் இருந்தது. வெளியே செயலாளர் என் கையைப் பிடித்தார்.

"சங்க மலருக்கு எழுதித் தாங்கோ. அவவின்ர பொறுமையைப் பற்றி எழுதுங்கோ. அந்த மைக் கதையை விடுங்கோ. எம்.பி.க்கும் மொழிபெயர்த்துக் குடுக்கப் போறம்."

"அதை விட ஏலாது" என்றேன்.

அக்காவை அறிந்தவர்களே, அவர் பொறுமைசாலி அல்லர். பொறுமையாக இருந்தவர்கள் நாம். அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அவருடைய கோபத்தை மட்டுமே. அது என்னில் ஆறிவிடக் கூடாதென்றே இதை எழுதினேன். மொழிபெயர்ப்பவர்கள் ஒரு வரியும் விடாமல் எம்.பி.யிடம் கொண்டுபோய்க் கொடுங்கள்.